கூரை விழுந்த வருஷத்து ஈஸ்டர்

நார்டால், வடக்கு டகோட்டா
மார்ச் 9, 1966

திருமதி வெர்னா ஜாப்லோன்ஸ்கி அவர்களுக்கு,

நார்டால் லூத்தரன் சபையின் சமையற்குழுத் தலைவி என்ற முறையில் இதை எழுதுகிறேன். சொந்த விஷயம் எதுவும் இதில் இல்லை. ஆகவே தயவுசெய்து இதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

இங்கே அடித்த பனிப்புயலைப் பற்றி மில்வாக்கிப் பத்திரிகைகளிலும் வந்திருக்கும். மூன்று நாள் விடாமல் அடித்தது. கோழிக்கூட்டுக்குப் போக இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமை காலையில் காற்று நின்றது. பத்து மணிக்கு ஊரே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். கத்தோலிக்கக் கோயிலின் கூரை பனியின் பாரம் தாங்காமல் பாதி உள்ளே விழுந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. மாதா சிலைக்கு மூக்கில்கூடக் கீறல் இல்லையாம்.

திங்கட்கிழமை எங்கள் சபைக் கூட்டத்தில் பாஸ்டர் ஹோல்ம் எழுந்து, அவர்கள் கூரை போட்டு முடிக்கும்வரை நம் ஆலயத்தைக் கொடுப்போம் என்றார். பிறகு எல்மர் குண்டர்சன், "கொடுக்கலாம். அப்புறம் திரும்ப வாங்குறது எப்படின்னு யாராச்சும் யோசிச்சீங்களா?" என்றார். "எல்மர், அவங்க கட்டடத்தைத் தூக்கிட்டா போகப்போறாங்க?" என்றார் பாஸ்டர். முப்பத்தொன்றுக்குப் பத்தொன்பது என்று ஓட்டு விழுந்தது. பிஷப்பின் அனுமதியும் வந்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. ஏப்ரல் பத்தாம் தேதி ஈஸ்டர். அவர்களுக்கு எட்டு மணிக்குப் பூசை, எங்களுக்குப் பத்தரைக்கு ஆராதனை. நடுவில் கீழ்த்தளத்தில் ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒரே காலை உணவு, பிள்ளைகளுக்கு முட்டை தேடும் விளையாட்டு. சமையலறை என் பொறுப்பு. ஆகவே கேட்கிறேன்: அவர்கள் பூசைக்கு முன் எதுவும் சாப்பிட மாட்டார்களா? தண்ணீர்கூடவா? எங்கள் ஹாம் அவர்களுக்கு ஆகுமா, இல்லை வேறு விதமாகச் செய்ய வேண்டுமா? வெண்ணெயில் ஆட்டுக்குட்டி செய்து மேஜையில் வைப்பார்கள் என்று டோரிஸ் குண்டர்சன் சொல்கிறாள். அது உண்மையா? உண்மையென்றால் அதை எங்கிருந்து வெட்டத் தொடங்குவார்கள்? தலையிலிருந்தா?

இங்கே நாலு மைலுக்குள் நாற்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளுக்குத் தினமும் நான்தான் சோறு போடுகிறேன். இருந்தும் இதையெல்லாம் அவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

வயலில் இன்னும் வேலிக்கம்பங்களின் தலை மட்டும்தான் தெரிகிறது. வசந்தம் எங்கே வழி தவறியதோ. மார்ச்சில் இங்கே எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே.

இப்படிக்கு,
ஆர்லிஸ் நிகார்ட்
(சமையற்குழு)


மில்வாக்கி
மார்ச் 13, 1966

ஆர்லிஸ்,

பிரிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டாம் என்பதை உறைக்கு உள்ளே எழுதியிருக்கிறாய். அதைப் படிப்பதற்கே பிரிக்க வேண்டும். நீ மாறவில்லை.

உறையின் மூலையில் சபையின் பெயர் அச்சடித்திருந்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பிரித்தேன். அப்பா போனபோது அப்படி ஒரு உறைகூட எனக்கு வரவில்லை. புதைத்து ஆறு நாள் கழித்து உன் அஞ்சலட்டைதான் வந்தது. அதைப் பற்றி இப்போது பேசப்போவதில்லை.

எனக்கு "தங்களுக்கு" என்று எழுத எப்போது கற்றுக்கொண்டாய்? கடைசி வரியில் "உனக்கு" என்று இருக்கிறது. அதை அடித்துத் திருத்தப் பார்த்து, பாதியில் விட்டிருக்கிறாய்.

கேட்டதற்குப் பதில். பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். முன்பு நள்ளிரவிலிருந்து பட்டினி, இப்போது தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் வயசானவர்கள் பழைய மாதிரியே வெறும் வயிற்றோடு வருவார்கள், ஒன்பது மணிக்கு ஓநாய்ப் பசி பசிக்கும். அதனால் காபியைத் தயாராக வை. ஹாம் எல்லாருக்கும் ஒன்றுதான்; பன்றிக்கு மதம் கிடையாது. ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை இறைச்சி தொட மாட்டார்கள்; அன்று நீ அதை வேக வைத்தால் அவர்களில் யாரையும் உப்புப் பார்க்கச் சொல்லாதே. சாப்பாட்டுக் கூடைகளைச் சனிக்கிழமையே கோயிலுக்குக் கொண்டுவந்து மந்திரித்துக்கொள்வார்கள். வெண்ணெய் ஆட்டுக்குட்டி உண்மைதான். கிராம்பில் கண் வைப்போம்.

இதையெல்லாம் நீ லியோகாடியாவிடம் கேட்டிருக்கலாம். என் நாத்தனார் உன் வீட்டிலிருந்து இரண்டு மைலில்தான் இருக்கிறாள். அவள் கடிக்க மாட்டாள்.

வெர்னா

ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டதா?


நார்டால்
மார்ச் 19, 1966

அக்கா,

இல்லை, ஆறு இன்னும் உடையவில்லை. ஆனால் நேற்று மதியம் பள்ளிக்கூடக் கூரையிலிருந்து சொட்டத் தொடங்கியது. பிள்ளைகள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டார்கள். இன்று முதல் காக்கையைப் பார்த்தேன். சாலையோரப் பள்ளத்தில் காதை வைத்தால் பனிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. நாற்பது வயசுக்காரி நடுச்சாலையில் குனிந்து நின்று பள்ளத்துக்குக் காது கொடுப்பதைத் தபால்காரர் பார்த்துவிட்டார்.

ஆட்டுக்குட்டியை எங்கிருந்து வெட்டுவது என்பதை மட்டும் நீ சொல்லவே இல்லை.

லியோகாடியாவிடம் பேசிவிட்டேன். நானாகப் போகவில்லை, வியாழக்கிழமை அவளே ஆறு பெண்களோடு எங்கள் சமையலறைக்குள் வந்து நின்றாள். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். நம் வழக்கப்படி தூளில் முட்டையை உடைத்துப் போட்டேனா, "ஐயய்யோ, என்னம்மா பண்றே?" என்று கத்திவிட்டாள்.

"காபி போடறேன்."

"முட்டையைப் போட்டா?"

"ஓட்டோடதான் போடுவோம். அப்பத்தான் கசடு கீழ போகும்."

அவள் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "நாப்பது வருஷமா இவங்க வீட்டுப் பக்கத்துல இருக்கோம், பாரு, இது தெரியாம இருந்திருக்கோம்" என்றாள். பிறகு இரண்டு கோப்பை குடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பாத்திருக்கக் கூடாது" என்றாள்.

அதற்குப் பழிவாங்குகிற மாதிரி ஒரு ஜாடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். வெள்ளையாகத் துருவிய காரமுள்ளங்கி. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. டோரிஸ் பாவம், அது முட்டைக்கோஸ் என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுவிட்டாள். அவள் மூச்சு விடட்டும் என்று எல்லாரும் காத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் முணுமுணுக்கிற டோரிஸ், கூடை மந்திரிக்கும்போது பாதர் தெளிக்கிற தண்ணீர் மேஜைவிரிப்பில் படுமா, பட்டால் துவைக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். அதற்கப்புறம் அதைக் கேட்கவே இல்லை.

ஒன்று எனக்குப் புரியவில்லை. ஈஸ்டருக்கு முன் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமாமே. பாதர் நோவாக் அதற்கு ஓர் இடம் கேட்டிருக்கிறார்; கோட்டு மாட்டுகிற அறையைக் கொடுத்திருக்கிறோம். உள்ளே போய் என்ன சொல்வீர்கள்? எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டுமா? பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை வைத்துக்கொண்டால்?

கடைசியாக ஒன்று. பாத்திரம் துடைக்கும்போது லியோகாடியா என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "கல்யாணத்தன்னிக்கி நீ ஏன் வரலை? உங்கக்கா சாமியாரையே நாப்பது நிமிஷம் காக்க வெச்சா, தெரியுமா உனக்கு? 'என் தங்கச்சி வருவா, என் தங்கச்சி வருவா'ன்னு வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்தா."

எனக்குத் தெரியாது, அக்கா. பதினெட்டு வருஷமாகத் தெரியாது. அது உண்மையா?

ஆர்லிஸ்


மில்வாக்கி
மார்ச் 24, 1966

ஆர்லிஸ்,

உண்மைதான்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். கலப்புக் கல்யாணம் என்பதால் கோயிலுக்குள் பீடத்தின் முன் நடத்த மாட்டார்கள். பாதருடைய வீட்டு முன்னறையில்தான். ஒரு சோபா, ஒரு வானொலிப் பெட்டி, ஃபீலிக்ஸின் வீட்டார் ஒன்பது பேர். என் பக்கம் யாரும் இல்லை. நீ வருவாய் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். நீலப் பூப்போட்ட உடையை நீ இஸ்திரி போட்டு வைத்ததை முந்தின நாள் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு மணிக்குக் கல்யாணம். இரண்டே காலுக்கு பாதர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு அவருக்கு ஒரு ஞானஸ்நானம் இருந்தது. ஃபீலிக்ஸ் என் கையைப் பிடித்து, "வெர்னா, வழியில டயர் கியர் போயிருக்கும்" என்றார். ஜூன் மாதத்தில், காய்ந்த சாலையில், நாலு மைலில். இரண்டு நாற்பதுக்கு நான்தான், "ஆரம்பிங்க" என்றேன்.

உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா உன் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருப்பார் என்று நினைத்தேன். உள்ளே அந்த நீல உடையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் நீ உட்கார்ந்திருப்பதாக எத்தனையோ நாள் என் மனசில் ஓடியிருக்கிறது. மறுவருஷம் உன் பெயரில் இரண்டு கடிதம் வந்தன. உறையில் முகவரி அப்பாவின் கையெழுத்து. அவர் சொல்லச் சொல்ல நீ எழுதியது, உள்ளே அவருடைய வசவுதான் இருக்கும் என்று திருப்பி அனுப்பினேன். உன் கையால் எழுதிய வசவைப் படிக்க எனக்குத் தெம்பில்லை.

நீ கேட்ட பாவசங்கீர்த்தனம்: பாதி சொன்னால் செல்லாது. மறைத்த பாதியோடு சொன்ன பாதியும் கெட்டுவிடும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கதவை அப்பா எப்படிப் பூட்டினார்? வெளியே தாழ்ப்பாளே இல்லாத கதவு அது. கொஞ்ச நாளாக அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெர்னா


நார்டால்
மார்ச் 29, 1966

அக்கா,

மூன்று நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கதவை யாரும் பூட்டவில்லை.

அன்று மதியம் அப்பா சாப்பிட்டுவிட்டு வாசற்படியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல், "போறதுன்னா போ. வண்டிச் சாவி கொக்கியில கெடக்கு. எனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். நான் உடையைப் போட்டேன். தலை வாரினேன். சாவியை எடுத்தேன். பிறகு அதைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன். அந்த உடையோடேயே. இரண்டு பேருக்கு நாலு கிழங்கு போதும்; ஒரு வாளி உரித்தேன்.

பயம் இல்லை, அக்கா. பயம் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய், எனக்குத் தெரியும். கோபம். நீ அந்த வாரம் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாய். பதினாலு மாடு, வாய் திறக்காத ஒரு மனுஷர், ஆறு மாசம் குளிர்காலம், எல்லாம் எனக்கு. உனக்குப் பட்டணமும் ஃபீலிக்ஸும். நான் என்ன ஆவேன் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ கேட்டிருந்தால் வந்திருப்பேன். அது நியாயமில்லை என்று அப்போதே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அப்பா போனபோதும் அதேதான். தந்தி ஆபீஸ் வாசல் வரை போனேன். நீ வந்தால் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்பாய் என்று திரும்பி வந்து, அடக்கம் முடிந்த பிறகு அட்டை அனுப்பினேன். அது பயம். அதை நான் சாக்காகச் சொல்லவில்லை.

உன் முகவரியைக் கொண்டுவந்தது யார் தெரியுமா? அப்பாதான். தானியக் கிடங்கில் உன் மாமனாரிடம், பதினைந்து வருஷம் பேசாத மனுஷரிடம், தானே போய்க் கேட்டு வாங்கி, உறைமேல் தன் கையால் எழுதினார். உள்ளே இருப்பதைப் படிக்கவில்லை. திரும்பி வந்ததும் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "வேலையைப் பாரு" என்றார். அதற்குள் என்ன எழுதியிருந்தேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமை மாலை நாலரைக்கு ஆறு உடைந்தது. ஊரே பாலத்தில் நின்றது. பீரங்கி வெடிக்கிற சத்தம், பிறகு வீட்டளவு கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் போயின. எல்மர் குண்டர்சனும் பாதர் நோவாக்கும் பக்கத்தில் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "இது இப்படியே போனா வெள்ளம் வராது" என்றார் எல்மர். "வரட்டுமே, நாங்கதான் ஏற்கெனவே உங்க வீட்டுக்கு வந்துட்டோமே" என்றார் பாதர். எல்மர் சிரித்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். நீ இருந்திருக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு வருகிறாயா? கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்டுவிட்டேன்.

ஆர்லிஸ்


மில்வாக்கி
ஏப்ரல் 2, 1966

வர மாட்டேன்.

செத்துப்போன அப்பாவைப் பதினெட்டு வருஷம் நான் திட்டும்படி செய்தாய். என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அவர் ஒரு பூதம். அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். சாவி கொக்கியில் கிடக்கிறது என்று சொன்னவரை. அவருக்கு நான் ஒரு பூ வைக்கவில்லை. இதை எங்கே போய்ச் சரிசெய்வேன், சொல்.

ஆட்டுக்குட்டியைப் பின்பக்கத்திலிருந்து வெட்டுவோம். தலையைக் கடைசிவரை வைத்திருப்போம். நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாகிவிட்டது.

வெர்னா


நார்டால்
ஏப்ரல் 12, 1966

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் டோரிஸ் அதை இரண்டே நாளில் வேறு கதையாக்கிவிட்டாள். அவள் கதையில் நான் காபிப் பானையை உன்மேல் வீசுகிறேன்.

வீசவில்லை. பூசை முடிந்து எல்லாரும் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நூற்றெண்பது பேருக்குத் தட்டு வைத்திருந்தோம். நான் பானையோடு திரும்பினேன், நீ நின்றாய். பச்சைக் கோட்டு. பின்னால் ஃபீலிக்ஸ், நெற்றி ஏறிவிட்டது அவருக்கு. மூன்று பிள்ளைகள். நீங்கள் வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வந்து லியோகாடியா வீட்டில் தங்கியிருந்ததை அந்தப் பாவி என்னோடு ஹாம் நறுக்கிக்கொண்டே மறைத்திருக்கிறாள்.

"வந்துட்டியா?" என்றேன்.

"வரலை. பாக்க வந்தேன்."

"எதை?"

"நாப்பது நிமிஷம் நான் யாருக்காகக் காத்திருந்தேனோ, அவ மூஞ்சி எப்படியிருக்குன்னு."

"இப்படித்தான் இருக்கு" என்றேன். அப்புறம், கடவுளே, எந்தப் புத்தியில் கேட்டேனோ, "காபி ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

"உன் காபி யாருக்குடி வேணும்!" என்று நீ கத்தியது மேல்மாடி வரை கேட்டதாம். "கோபம்னா அன்னிக்கே வந்து என் மூஞ்சியில சொல்லிருக்கலாமில்ல? எல்லாப் பழியையும் அந்த மனுஷன் தலையில போட வெச்சியே!"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "சொன்னேன். ரெண்டு கடுதாசியிலயும் அதைத்தான் எழுதினேன். உருளைக்கிழங்கு உரிச்சதுவரைக்கும் எழுதினேன். நீதானே பிரிக்காமத் திருப்பினே!" என்றேன்.

உன் முகம் போன விதத்தைப் பார்த்தேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கியிருப்பேன். நீ திரும்பிப் படியேறினாய். உன்னோடு வந்தவர்களும் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. லூத்தரன்கள் மேஜைவிரிப்பைப் பார்த்தார்கள், கத்தோலிக்கர்கள் கூரையைப் பார்த்தார்கள். எல்மர் குண்டர்சன் எழுந்தார். வெண்ணெய் ஆட்டுக்குட்டி இருந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதை யாராச்சும் வெட்டுங்கப்பா, காது உருகுது" என்றார். யாரும் அசையவில்லை. "எங்க வீட்டுல என் தம்பியும் நானும் பேசி இருபத்தொரு வருஷமாச்சு. இவங்களாவது சத்தம் போட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். டோரிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே நானும் உனக்கு மட்டும் சொல்கிறேன்.

லியோகாடியா என் கையிலிருந்து பானையைப் பிடுங்கி, "ஓடு" என்றாள்.

ஓடினேன். பனி தூறிக்கொண்டிருந்தது. சாலையில் உங்கள் வண்டி இல்லை. பாலம் வரை ஓடிப் பார்த்தேன். திரும்பி வந்து முட்டை ஒளிப்பதற்குப் போனேன், வேறென்ன செய்வது? பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டு கடிதங்களும் இருக்கின்றன. முத்திரையோடு, பிரிக்காமல். அனுப்பட்டுமா?

ஆர்லிஸ்


மில்வாக்கி
ஏப்ரல் 17, 1966

ஆர்லிஸ்,

அனுப்பாதே. அவை தபாலில் அலைந்தது போதும். ஜூன் பத்தாம் தேதி பள்ளிக்கூடம் விடுகிறது. பதினைந்தாம் தேதி வருகிறோம், இரண்டு வாரம். லியோகாடியா வீட்டுக்கு அல்ல, நம் வீட்டுக்கு. உன் சமையலறையில் உட்கார்ந்து படிக்கிறேன். படித்த பிறகு உன்னைத் திட்டுவேனா, என்னைத் திட்டிக்கொள்வேனா, இப்போது சொல்ல முடியாது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கேக் எதுவும் செய்து வைக்காதே. சண்டை பாதியில் நிற்கிறது. அதை முடிக்கத்தான் வருகிறேன்.

முதல் நாள் அப்பாவின் கல்லறைக்குப் போக வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவேன். அவர்களிடம் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது, நீயும் பக்கத்தில் நிற்க வேண்டும். எல்மரின் தம்பி பெயர் என்ன? எங்கே இருக்கிறார்? தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

இன்னொன்று உனக்குத் தெரிய வேண்டும். நாங்கள் போய்விடவில்லை. உங்கள் ஆலயத்துக்குப் பின்னால், இடிந்த கோயிலின் பக்கத்துச் சந்தில் ஃபீலிக்ஸ் வண்டியை நிறுத்தியிருந்தார். ஓட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவரும் சாவியைத் திருப்பவில்லை. கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தோம். அப்போது நீ வெளியே ஓடி வந்தாய். கோட்டு இல்லை, ஏப்ரனோடு, தலையெல்லாம் பனி. எதிர்ப்பக்கமாக, பாலத்தை நோக்கி ஓடினாய். ஹாரன் அடிக்கட்டுமா என்று ஃபீலிக்ஸ் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்காதே.

சின்னவள் டோனி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு எட்டு வயசு. கேள்வி கேட்காமல் ஐந்து நிமிஷம் இருக்க மாட்டாள். உன்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்தக் குணம் இல்லை.

"அம்மா, நீ சண்டை போட்டியே, யாரும்மா அந்த அம்மா?" என்றாள்.

"என் தங்கச்சி" என்றேன். பிள்ளைகள் மூன்றும் திரும்பி என்னைப் பார்த்தன. எனக்கு ஒரு தங்கச்சி இருப்பதையே நான் அவர்களிடம் சொன்னதில்லை, ஆர்லிஸ்.

"ஏம்மா அப்படி ஓடுறாங்க?"

"எனக்குத் தெரியாது. அவளைத்தான் கேக்கணும்."

"கேக்கலாமா?"

"கேக்கலாம்."

"எப்போ?"

உன் அக்கா,
வெர்னா